பாத்திரத்தில் சோறிடுவது யார்?



மேலை நாடுகளில் பௌத்தம் என்ற தலைப்பைப் பார்த்ததும், அங்கே நடப்பது அசல் பௌத்தமா, பௌத்தத்தின் சாயம் பூசிய வேறு ஏதாவதா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போகிறேன் என நினைத்து வந்திருப்பீர்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. சொன்னாலும் யாருக்கும் பயனில்லை. நான் கேட்க விரும்புவது கொஞ்சம் கொச்சையான கேள்வி. அங்கே பிக்குவுக்குச் சோறு போடுவது யார்? தியானம் சொல்லித் தருபவரின் வீட்டு வாடகை எங்கிருந்து வருகிறது? மறுபிறப்பு உண்டா இல்லையா என்று அங்கே நடக்கும் பெரிய வாதங்களைவிட இந்தச் சில்லறைக் கேள்வி அதிகம் விளக்குகிறது என்பது என் கட்சி.

1977இல் வடகிழக்குத் தாய்லாந்திலிருந்து அஜான் சா என்ற வனவாசிப் பிக்கு லண்டனுக்கு வந்தார். இங்கிலாந்தில் ஆங்கிலேயப் பிக்குகளின் சங்கம் ஒன்று வேரூன்ற வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பாடுபட்ட ஓர் அறக்கட்டளை அவரை அழைத்திருந்தது. அவரோடு வந்தவர்களில் மூத்தவர் சுமேதோ. அமெரிக்கர், ஒரு காலத்தில் கடற்படையில் இருந்தவர். அறக்கட்டளைக்கு ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் சாலையோர வீடு ஒன்று இருந்தது. எதிரே மதுக்கடை. மாலைத் தியானத்தின்போது அங்கிருந்து பாட்டுக் கச்சேரி காதைத் துளைக்கும். அஜான் சா ஊருக்குத் திரும்பும்போது சுமேதோவையும் இன்னும் சிலரையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். போகும்போது ஒரு கட்டளை: தினமும் காலையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பிச்சைக்குப் போக வேண்டும். யாரும் போடாவிட்டாலும் போக வேண்டும்.

யார் போடுவார்கள்? பாத்திரத்தோடு ஒருவர் எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. சாப்பாடு என்னவோ வீட்டில் இல்லறத்தார் சமைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பசிக்காகப் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் போனார்கள். 1978இல் ஒரு காலை, ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற அந்தப் பெரிய புல்வெளியில் உடற்பயிற்சிக்காக ஓடிக்கொண்டிருந்த ஒருவர் இந்தக் காவித் துணிக்காரர்களைக் கண்டு நின்றார், பேச்சுக் கொடுத்தார். அவர் பௌத்தர் அல்ல. சசெக்ஸ் மாவட்டத்தில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காடு ஒன்றை, அதன் பழைய வளத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில் வாங்கிப் போட்டிருந்தார். ஒற்றை ஆளாக முடியாது என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. கொஞ்ச காலத்தில் அந்தக் காட்டைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். காட்டுக்குள் நிரந்தரக் கட்டடம் கட்ட அனுமதி கிடையாது. எனவே அருகிலிருந்த சித்ஹர்ஸ்ட் என்ற ஊரில், கூரை ஒழுகி மரமெல்லாம் இற்றுப்போய்க் கிடந்த ஒரு பழைய மாளிகையை அறக்கட்டளை வாங்கியது. 1979 கோடையில் பிக்குகள் அங்கே குடியேறினார்கள். இன்று உலகின் பல நாடுகளில் இருக்கும் அஜான் சா மரபு விகாரைகளில், தாய்லாந்துக்கு வெளியே முதலில் கால் ஊன்றியவற்றில் அது ஒன்று.

இதை அதிசயக் கதையாகச் சொல்லிக் கண் கலங்குபவர்கள் உண்டு. நான் அதில் விநயம் என்ற பிக்குகளின் ஒழுக்க விதிகளுடைய சாமர்த்தியத்தைப் பார்க்கிறேன். தேரவாதப் பிக்குவுக்கு 227 விதிகள். பணம் தொடக்கூடாது. பிறர் கையால் கொடுக்காத உணவை வாயில் வைக்கக்கூடாது. இன்று கிடைத்ததை நாளைக்கென்று எடுத்துவைக்கக்கூடாது. உச்சி கடந்தால் உணவில்லை. இவற்றை உடலை ஒறுக்கும் விரதம் என்று நினைத்துக்கொள்கிறோம். புத்தர் உடலை ஒறுப்பதைச் செய்து பார்த்துக் கைவிட்டவர். இந்த விதிகளின் வேலை வேறு: துறவி ஊரைவிட்டுத் தப்பித்துப் போய்விடாதபடி தினம் ஒருமுறை அவனை ஊரின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது. காட்டில் ஞானம் பெற்று உட்கார்ந்திருந்தாலும் காலையில் ஒரு பெண்மணி ஒரு கரண்டி சோறு போட வேண்டும். நமக்கு இது புதிதா? மணிமேகலைக்குக் கிடைத்த அமுதசுரபி அள்ளக் குறையாத பாத்திரம். ஆனால் அதுவும் தானாக நிறையவில்லை. முதல் பிச்சையை ஆதிரை என்ற குடும்பப் பெண் இட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஊர்ப்பசி தீர்ந்தது. சாத்தனார் அதற்காக ஒரு காதையையே ஒதுக்கியிருக்கிறார்.

இனி அதே 1979ஆம் ஆண்டில், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். மாசசூசெட்ஸ் மாநிலம், வூஸ்டர் நகரம், பல்கலைக்கழக மருத்துவமனை. மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் கபாட்-ஸின் அங்கே ஒரு சிறு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். நாள்பட்ட வலியோடு இருப்பவர்கள், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்களால் கைவிடப்பட்டவர்கள், இவர்கள்தான் அவருடைய முதல் நோயாளிகள். சில வாரப் பயிற்சி. மூச்சைக் கவனி, உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுபோ, வலியை எதிர்க்காமல் பார். அவர் இதைக் கற்றது பௌத்த ஆசிரியர்களிடம். ஆனால் மருத்துவமனையில் புத்தரின் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கதவு மூடியிருக்கும். மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று நம் ஊர் மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைவரை வந்து சேர்ந்திருக்கும் சரக்கு அங்கிருந்து கிளம்பியது.

நான் இதைக் கேலி செய்ய வரவில்லை. தீராத முதுகுவலிக்காரருக்கு ஒரு மணி நேரம் நிம்மதி கிடைத்தால் அது எந்தச் சூத்திரத்தில் இருக்கிறது என்று கேட்பவன் மனிதனே அல்ல. இதே முறையிலிருந்து பிறந்த இன்னொரு பயிற்சி, திரும்பத் திரும்ப மனச்சோர்வில் விழுபவர்களுக்கு உதவுகிறது என்று ஏற்று, 2004இல் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டு நெறிகளிலேயே இடம் கொடுத்தார்கள்.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கதை மாறுகிறது. 2007இல் கூகுள் தன் ஊழியர்களுக்கு இத்தகைய வகுப்பைத் தொடங்கியது. பிறகு வங்கி, ராணுவம், பள்ளிக்கூடம், கைபேசிச் செயலி. வேலைப் பளுவால் ஊழியன் நொந்துபோகிறான் என்றால் பளுவைக் குறைப்பதா, அவனை மூச்சைக் கவனிக்கச் சொல்வதா? இரண்டாவது மலிவு. ரொனால்ட் பர்சர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2019இல் இதைக் கிழித்து ஒரு நூல் எழுதினார். துரித உணவுக் கடையின் பெயரை மைண்ட்ஃபுல்னஸோடு ஒட்டித் தலைப்பு வைத்தார். அவரே ஒரு ஜென் மரபில் பயிற்சி பெற்றவர் என்பதால் அந்தக் கோபத்தில் உள்வீட்டுக்காரரின் சூடு இருக்கிறது. 2022இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது: 11 முதல் 14 வயதுவரையுள்ள 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பள்ளி வழியாக இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்ததில், வழக்கமான வகுப்புகளைவிட மேலான பலன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. பிள்ளைகள் புத்திசாலிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு 1979களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழக்கமான குற்றச்சாட்டு, மேலை நாட்டார் மறுபிறப்பையும் தேவர்களையும் சடங்கையும் வெட்டி எறிந்துவிட்டுத் தியானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது. வெட்டியதைப் பற்றி அங்கேயே நிறையச் சண்டை நடந்திருக்கிறது. தரம்சாலாவிலும் கொரியாவிலும் பிக்குவாக இருந்து பிறகு காவியைக் கழற்றிய ஸ்டீஃபன் பாச்சலர், நம்பிக்கைகள் இல்லாத பௌத்தம் சாத்தியம் என்று 1997இல் எழுதியதற்கு இன்றுவரை மறுப்பு வந்துகொண்டிருக்கிறது. வரட்டும். வெட்டுவதை மேலை நாட்டார் தொடங்கி வைக்கவில்லை என்பதை மட்டும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1885இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவைப் பிடித்துத் தீபா மன்னனை ரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். அரசன் போனால் புத்த சாசனமும் போய்விடும் என்று பர்மியர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தின் நடுவே லெடி சயடோ என்ற பிக்கு ஊர் ஊராகப் போய், அதுவரை மடங்களுக்குள் இருந்த அபிதம்மத்தையும் தியானத்தையும் விவசாயிக்கும் வியாபாரிக்கும் கற்பித்தார். இல்லறத்தார் கூட்டமாக உட்கார்ந்து தியானம் செய்யும் பழக்கம் பெரும் இயக்கமாக வளர்ந்தது இப்படித்தான். அந்த வழியில் வந்தவர் ஊ பா கின். சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காளராக இருந்த அரசு அதிகாரி. அவருடைய மாணவர் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகர் கோயங்கா. 1969இல் இந்தியாவுக்கு வந்து விபஸ்ஸனா தியான முகாம்களைத் தொடங்கினார். ஆக, தியானத்தைத் துறவிகளிடமிருந்து எடுத்து இல்லறத்தாரிடம் கொடுத்தது கலிபோர்னியா அல்ல. தோற்றுப்போன ஒரு நாட்டின் தற்காப்பு அது.

இலங்கையிலும் இதே கதைதான். அமெரிக்கக் கர்னல் ஆல்காட் 1880இல் காலியில் பஞ்சசீலம் ஏற்றார். அடுத்த ஆண்டே கிறித்தவ ஞானோபதேச நூலைப் போல வினா விடையாக ஒரு பௌத்த நூலை எழுதிக் கொடுத்தார். அதே ஆல்காட்டோடு 1898இல் கொழும்புக்குப் போனவர் நம் அயோத்திதாசப் பண்டிதர். சென்னையில் அறிவியல் கற்பித்த பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது எதற்கும் இடமில்லை. அந்த நூலை 1948இல் மறுபடியும் அச்சிட்டு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். அவர் தாமே எழுதிய புத்தர் நூல், நான்கு உயர் உண்மைகள் புத்தர் சொன்னவைதானா என்றே கேட்கிறது. பாச்சலர் செய்ததைவிடப் பெரிய வெட்டு அது. ஆனால் 1956 அக்டோபரில் நாகபுரியில் அவரோடு லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். வெட்டினாலும் அது ஒரு மக்கள் கூட்டத்துக்காக வெட்டியது. அமெரிக்காவில் அந்தக் கூட்டம் எங்கே என்று தேடும்போதுதான் எனக்குச் சோறு நினைவுக்கு வருகிறது.

கூட்டம் அங்கே இருந்தது. நாம் பார்க்கும் பத்திரிகைப் படங்களில் அது இல்லை, அவ்வளவே. சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானியக் குடியேறிகளுக்காக 1899இலேயே பௌத்தக் குருமார் வந்து சேர்ந்தார்கள். 1942இல் போரின்போது, மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பியது. பௌத்தக் குருமார் முதலிலேயே சந்தேகப் பட்டியலில் இருந்தார்கள். பலரை வீட்டிலிருந்தே இழுத்துச் சென்றார்கள். முகாம்களில் இருந்தவர்கள் கிடைத்த உதிரி மரத்துண்டுகளைக் கொண்டு பீடம் செய்து வழிபட்டார்கள். யூட்டா பாலைவனத்தின் டோபாஸ் முகாமில் இருந்தபோது, 1944இல், தங்கள் அமைப்பின் பெயரையே அமெரிக்க பௌத்தத் தேவாலயங்கள் என்று மாற்றிக்கொண்டார்கள். தேவாலயம் என்று பெயர் வைத்தால் அண்டை வீட்டான் அஞ்சமாட்டான் என்ற நினைப்பு. இவர்கள் பெரும்பாலும் தியானம் செய்பவர்கள் அல்லர். அமிதாப புத்தரின் பெயரைச் சொல்பவர்கள், முன்னோருக்கு ஓபோன் திருநாள் எடுப்பவர்கள், கோயில் கூரைக்காகச் சமைத்து விற்றுப் பணம் திரட்டுபவர்கள். அமெரிக்க பௌத்தம் என்று பேசும்போது இவர்களைக் கழித்துவிட்டுப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது.

சான் பிரான்சிஸ்கோவிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1959இல் ஷுன்ரியு சுசுகி என்ற ஜப்பானிய ஜென் குரு, புஷ் தெருவில் பழைய யூதக் கோயில் கட்டடத்தில் இருந்த சோகோஜி கோயிலுக்கு வந்தார். வந்த வேலை ஜப்பானியக் குடும்பங்களுக்குத் திதியும் திருமணமும் நடத்திக் கொடுப்பது. அதிகாலையில் அவர் உட்கார்ந்து தியானம் செய்வதை அறிந்து வெள்ளை இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். நீளமுடி, வெறுங்கால். எண்ணிக்கை பெருகியது. 1967இல் டாசஹாரா மலையில் அவர்களுக்காக ஒரு மடமே உருவானது. குடும்பத்தார் முகம் சுளித்தார்கள். எங்கள் குரு எங்களுக்கா, இவர்களுக்கா? 1969இல் சுசுகி சோகோஜியை விட்டு விலகிப் பேஜ் தெருவில் இருந்த கட்டடத்துக்கு மாணவர்களோடு போய்விட்டார். இந்தப் பிரிவில் யார் பக்கம் நியாயம் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. இளைஞர்கள் ஆர்வத்தோடு வந்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கோயிலை நடத்தியவர்கள், குருவைக் கடல் தாண்டி வரவழைத்தவர்கள் எந்தப் புகழ்பெற்ற புத்தகத்திலும் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை.

சுசுகி 1971இல் மறைந்தார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற அமெரிக்கச் சீடர், 1983இல் மாணவிகளுடனான உறவு, ஆடம்பரம் ஆகிய புகார்களால் நிலைகுலைந்து பதவி விலகினார். அதற்குப் பின் மேலை பௌத்தத்தின் வரலாற்றில் இதே அத்தியாயம் வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 2017இல் திபெத்திய ஆசிரியர் சோக்யால் ரின்போச்சேயின் நெடுநாள் மாணவர்கள் எட்டுப் பேர் எழுதிய கடிதம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. இதற்குப் பலரும் சொல்லும் காரணம், குருபக்தி தெரியாத மண்ணில் குருபக்தியை அளவு தெரியாமல் ஊற்றிவிட்டார்கள் என்பது. இருக்கலாம். ஆசியாவில் இப்படி நடப்பதே இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம், நடக்கிறது. ஆனால் விநய நூலில் கோசாம்பி என்ற ஊரைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. அற்பக் காரணத்துக்காக அந்த ஊர்ப் பிக்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். புத்தரே சொல்லியும் கேட்கவில்லை. அவர் மனம் சலித்துத் தனியாகக் காட்டுக்குப் போய்விட்டார். அப்போது ஊர் மக்கள் கூடி முடிவெடுத்தார்கள்: இனி இவர்களுக்கு வணக்கமும் கிடையாது, பிச்சையும் கிடையாது. கொஞ்ச நாள்தான். பிக்குகள் தாமாகவே புத்தர் இருந்த சாவத்திக்குப் போய்ச் சமாதானம் செய்துகொண்டார்கள். புத்தரின் சொல்லால் ஆகாதது வெறும் பாத்திரத்தால் ஆயிற்று.

சோறு போடுகிறவனும் சீடனும் வேறு வேறு ஆளாக இருப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கோசாம்பிக் குடியானவனுக்கு நிர்வாணம் நாளைக்கே வேண்டும் என்ற அவசரமில்லை; அதனால் அவனால் கையை மடக்க முடிந்தது. மேலை நாட்டுத் தியான மையத்தில் பணம் கட்டுபவர், சமைப்பவர், கணக்குப் பார்ப்பவர், அறங்காவலர் எல்லாருமே சீடர்கள். ஆசிரியரைக் கேள்வி கேட்டால் தன் விடுதலைக்கே குந்தகம் என்று நம்புகிறவர்கள். ஊரே இல்லாத கோயில். 1983இலும் 2017இலும் உள்ளிருந்தே குரல் எழுந்தது உண்மை. அந்தக் குரல் எழ எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை.

இதற்கு மாற்றாகவும் ஒன்று அங்கேயே முளைத்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாரி என்ற சிற்றூரில், இந்தியாவிலும் பர்மா, தாய்லாந்து மரபுகளிலும் கற்றுத் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் 1970களின் நடுவில் ஒரு கத்தோலிக்க மடத்துக் கட்டடத்தை வாங்கி விபஸ்ஸனா மையம் தொடங்கினார்கள். அங்கே தங்கவும் சாப்பிடவும் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம். ஆசிரியருக்குத் தனியே தானம். அதே மாநிலத்தில் ஷெல்பர்ன் ஃபால்ஸ் என்ற ஊரில் 1982இல் கோயங்கா மரபின் மையம் வந்தது. அங்கே பத்து நாளைக்கும் கட்டணமில்லை. முன்கூட்டிப் பணம் கொடுக்க முயன்றாலும் வாங்கமாட்டார்கள். ஒரு முகாமை முடித்தவர்தான் அடுத்து வருபவருக்காகக் கொடுக்கலாம். ஆசிரியருக்குச் சம்பளமில்லை. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருக்கும் மையத்திலும் இதே விதிதான், உங்களில் சிலர் போயிருப்பீர்கள். முகம் தெரியாத ஒருவர் போட்ட சோற்றைப் பத்து நாள் தின்றுவிட்டு வருவது, மூச்சைக் கவனிப்பதைவிடக் கடினமான பயிற்சி என்று போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் உயர்ந்த சம்பளக்காரர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே கடினம்.

கோயங்கா மரபில் பிக்கு சங்கத்துக்கு இடமில்லை, ஒலிப்பதிவே ஆசான், வேறு மரபுகளைக் கலக்கக் கூடாது என்ற கண்டிப்பு வேறு. இந்தக் குறைகள் எனக்குத் தெரியும். பாரியில் இருக்கும் அறிவு வெளிச்சம், கேள்வி கேட்கும் சுதந்திரம் எனக்குப் பிடித்தமானது. இருந்தாலும் இரண்டில் எது புத்தருக்கு அருகில் இருக்கிறது என்று கேட்டால், கட்டணம் வாங்காத கைக்கே என் ஓட்டு.

கடைசியாக ஒன்று. சோறு போடுபவர்களுக்கு உரிமை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் சாட்சி. தேரவாதத்தில் பிக்குணி சங்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிற்று, அதை மறுபடியும் தொடங்க முடியாது என்பது தாய்லாந்துச் சங்கத்தின் நிலை. 2009 அக்டோபரில் அஜான் சாவின் ஆங்கிலேயச் சீடர் அஜான் பிரம் பெர்த்தில் நான்கு பெண்களுக்குப் பிக்குணி தீட்சை நடத்திக் கொடுத்தார். சில நாளிலேயே தாய்லாந்துத் தலைமை மடம் அவரை மரபிலிருந்து விலக்கியது. அவருடைய விகாரை மூடவில்லை. அதை நடத்துவது மேற்கு ஆஸ்திரேலியாவின் பௌத்தச் சங்கம். இலங்கையர், தாய்லாந்துக்காரர், வியட்நாமியர், வெள்ளையர் எல்லாரும் கலந்த இல்லறத்தார் கூட்டம் அது. அவர்கள் அவர் பக்கம் நின்றார்கள், காலையில் உணவும் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் அதே ஆண்டு சுமேதோவின் விகாரைகளில் முடிவு எதிர்த்திசையில் போயிற்று: பெண் துறவிகள் பிக்குகளுக்கு இளையவர்களே என்று ஐந்து அம்சங்களாக எழுதி ஏற்கச் சொன்னார்கள். பெண்களில் பலர் வெளியேறினார்கள். பிச்சைப் பாத்திரத்தின் பெருமையை இவ்வளவு நேரம் சொன்ன எனக்கு இது இடிக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹாம்ப்ஸ்டெட் தெருவில் வெறும் பாத்திரத்தோடு நடந்தவரின் மடத்திலேயே இது நடந்தது. இதைப் பற்றி உங்களில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் கேட்க ஆவலாக இருக்கிறேன். கேள்வி நேரத்துக்கு அவைத்தலைவர் சில நிமிடங்கள் ஒதுக்கியிருக்கிறார்.